பிரவுன் ஷீட்டுக்குள் ஒரு கொலை

எங்கள் குடியிருப்பில் எல்லா விபரீதங்களும் ‘ஒரு சின்ன சஜஷன்’ என்றுதான் தொடங்கும். மொட்டை மாடியில் வடாம் காயப்போடக் கூடாது என்ற தடை அப்படித்தான் வந்தது. லிஃப்ட்டில் ஏறியதும் பக்திப் பாட்டு ஒலிக்கும் ஏற்பாடும் அப்படித்தான் வந்தது. மேல் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பல்லவிகூட முடியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. போன வருடம் ஏப்ரல் கடைசியில், பள்ளிகளுக்கு லீவு விட்ட கையோடு, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் இன்னொரு சின்ன சஜஷனைப் போட்டார். பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார்கள், நல்ல புத்தகங்களின் அருமை தெரியாமல் வளர்கிறார்கள், ஆகவே இந்த மே மாதம் நாம் ஒரு கோடை வாசிப்புத் திருவிழா நடத்தினால் என்ன என்பது அதன் சாரம். இதை அவர் போனில்தான் தட்டினார். நாங்களும் போனில்தான் படித்தோம்.

செயலாளர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மனிதக் கூட்டத்தையும் டோக்கன் கொடுத்து வரிசையில் உட்காரவைத்துவிட்டால் நாடு உருப்பட்டுவிடும் என்று நம்புகிறவர். அவர் செய்தி போட்ட நிமிடத்திலிருந்து கட்டை விரல்களும் கைகூப்பல்களும் வந்து குவிந்தன. இரும்புலியூரின் இந்த ஒரு கட்டடத்துக்குள் இத்தனை வாசகர்கள் ஒளிந்திருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது. அவர்களில் ஒருவர் கையிலும் நான் புத்தகத்தைக் கண்டதில்லை. முதல் மாடிக்காரரிடம் மட்டும் ஒரு தடித்த அகராதி இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்த அதை உபயோகித்தார்.

அடுத்த செய்தி நேராக என் தலையில் விழுந்தது. திருவிழாவின் தலைவர் நான். அதற்கு என் தகுதி, எங்கள் வீட்டு ஹாலில் வாசற்கதவைத் திறந்தாலே தெரியும்படி நிற்கிற புத்தக அலமாரி. கூரியர்காரர்கள் முதல் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்வரை பார்த்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு நான் பத்திரிகைகளில் அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன். இதனால் எனக்குக் கிடைத்திருக்கும் மரியாதை, கல்யாண வீடுகளில் யாராவது தோளில் தட்டி, எங்கே சார் ஒரு ஜோக் சொல்லுங்க என்பதுதான்.

செய்தியை மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் படிக்க வைக்கப் போறீங்களா? நல்லது. நம்ம வீட்டு அட்ரஸ் தெரியுமில்ல?”

அவள் சொன்னது எங்கள் மகளைப் பற்றி. ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்தாள். படிக்க மாட்டாள். பாடப் புத்தகம் படிப்பாள், மார்க்கும் வாங்குவாள். கதைப் புத்தகம் என்றால் எழுந்து போய்விடுவாள். நான் முயற்சி செய்யாமல் இல்லை. அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கதைகளை உரக்கப் படித்துக் காட்டினேன். பேச்சு வருவதற்கு முன்பே அவள் செய்த முதல் தெளிவான காரியம், கையை நீட்டி என் வாயைப் பொத்தியதுதான். பிறந்தநாள்தோறும் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தேன். பொம்மைகளுக்குக் கட்டில் ஆயின. அவளைப் பொறுத்தவரை புத்தகம் என்பது அப்பாவுக்கு இருக்கும் ஒரு உபாதை, என் சைனஸ் மாதிரி. பரிதாபப்படலாம், ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சமுதாயத்தின் வாசிப்புப் பழக்கம் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இல்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் என் மகள் ஒரே ஒரு புத்தகத்தையாவது, யாரும் சொல்லாமல், தானாக எடுத்துப் படித்துவிட வேண்டும். நான் அந்தத் தலைவர் பதவியை ஏற்றுக்கொண்டது அதற்காகத்தான்.

புத்தகங்களைச் சேகரித்தோம். தரைத்தளத்தில் சங்கத்தின் ஹாலில் டேபிள் டென்னிஸ் மேசை ஒன்று உண்டு. வலை கிழிந்த நாளிலிருந்து அதை அரிசி மூட்டை வைக்கவும் ஐயர் வந்தால் பூஜைச் சாமான் பரப்பவும் பயன்படுத்துகிறோம். அதன்மேல் ஜனங்கள் தங்கள் வீட்டு அறிவுச் செல்வத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வங்கித் தேர்வு கைடுகள். காலாவதியான நீட் கைடுகள். சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு முறை. வாஷிங் மெஷினோடு வந்த விளக்கப் புத்தகம். சீக்கிரம் பணக்காரர் ஆகும் வழிகள் மட்டும் ஒரு குவியல் தேறியது. கொடுத்தவர்கள் யாரும் ஆனதாகத் தெரியவில்லை. நான் எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, மூன்றாவது மாடிக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த புத்தகமும் அதில் இருந்தது. புத்தம் புதிதாக.

நல்ல புத்தகம் என்று இரண்டுதான் தேறின என்று அப்போது நினைத்தேன். ஒன்று என் அலமாரியிலிருந்து நானே கொடுத்த கனத்த நாவல். என் வாழ்க்கையை மாற்றிய நாவல் என்று கூட்டங்களில் சொல்லுவேன். எப்படி மாற்றியது என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை. இன்னொன்று, இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. அதுவும் அதே கனம், அதே அளவு. டீச்சர் கொடுத்தது நன்றாகத்தான் இருக்கும் என்று பிரித்துப் பார்க்கவில்லை. தலைவருக்கு வேறு வேலைகள் இருந்தன.

அந்த வேலைகளில் பெரியது செயலாளர் கொடுத்தது. புத்தகங்கள் பல கை மாறும், அழுக்காகும், ஆகவே எல்லாவற்றுக்கும் அட்டை போட்டுவிட வேண்டும் என்றார். மேலட்டைப் படத்தைப் பார்த்துத்தான் குழந்தைகள் புத்தகத்தை எடுப்பார்கள் என்று பலவீனமாக ஆட்சேபித்தேன். படமா சார் முக்கியம், உள்ள இருக்கற விஷயம்தானே முக்கியம் என்றார். நானும் கட்டுரைகளில் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் எங்களுக்கு வழக்கமாக நோட்டுப் புத்தகம் தரும் கடை ஒன்று உண்டு. கடைக்கார பாயிடம் பிரவுன் ஷீட் ரோலும் ஒட்டுகிற லேபிளும் கேட்டேன். அவர் என்னையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா சார், கத்திரியே இன்னும் ஸ்டார்ட் ஆவல. அதுக்குள்ள ஸ்கூல் தொறந்துட்டாங்களா?”

வாசிப்புத் திருவிழா என்று விளக்கினேன். புள்ளைங்க பாவம் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு ரோலை எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வராத ஜனங்கள், கத்தரிக்கோலும் செல்லோ டேப்பும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். நம் நாட்டு நடுத்தர வர்க்கத்துக்குப் புத்தகத்தோடு இருக்கும் உறவு அட்டை போடுவதோடு ஆரம்பித்து அதோடு முடிகிறது. அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. முனையை மடிக்கும் நேர்த்தி என்ன, முதுகில் சுருக்கம் விழாமல் இழுக்கும் லாவகம் என்ன. ஒரு நீட் கைடை வைத்துக்கொண்டு இரண்டு அப்பாக்கள் மடிப்பு உள்ளே வரவேண்டுமா வெளியே வரவேண்டுமா என்று கோபமாகவே வாதாடினார்கள். லேபிளில் பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் என்று இருந்தது. பாடம் என்ற இடத்தில் ‘கதை’ என்று எழுதி ஒட்டினோம். சாயங்காலத்துக்குள் மேசைமேல் இருந்த அத்தனை புத்தகங்களும் ஒரே நிறத்தில், ஒரே முகத்தோடு, அசெம்பிளியில் நிற்கும் பிள்ளைகளைப்போல நின்றன. ஒருவரும் ஒரு புத்தகத்தின் உள்ளேயும் பார்க்கவில்லை. நானும் கணிசமாக அட்டை போட்டேன், நன்றாகவே வந்தது.

திறப்பு விழா நாளில் பிள்ளைகளை உள்ளே விட்டோம். மேசையைப் பார்த்ததும் அவர்கள் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது மாடிப் பையன் ஒருவன் ஒன்றைத் தொடாமலே என்னிடம் கேட்டான்.

“அங்கிள், இதுல எது சோஷியல்?”

எல்லாம் கதைதான் என்றேன். நம்பவில்லை. வாசல் பக்கம் நகர்ந்தான். மற்றவர்களும் நகர்ந்தார்கள். போனவர்கள் போகட்டும் என்று செயலாளர் விதிகளை மைக்கில் படித்தார். தினமும் புத்தகம் படிக்க வேண்டும். படிப்பதைப் பெற்றோர் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். புத்தகம் முடிந்ததும் சுருக்கம் எழுத வேண்டும், புதிய சொற்களைத் தனியாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டார். கடைசி நாளில் அதிக ஸ்டார் வாங்கியவருக்குப் பரிசு. ஒரு மனிதனுக்கு ஐஸ்கிரீம்மேல் வெறுப்பு வரவழைக்க வேண்டுமானாலும் இதே விதிகளைப் பயன்படுத்தலாம்.

அன்றிலிருந்து குழுவில் போட்டோக்கள் பொழிந்தன. ஜன்னலோரம் படிக்கும் சிறுமி. சாமி படத்துக்குக் கீழே சம்மணம் போட்டுப் படிக்கும் சிறுவன். எல்லார் மடியிலும் பிரவுன் செங்கல். மேல் மாடியில் ஒரு அம்மா, ஒரே மத்தியானத்தில் மகளுக்கு ஃப்ராக்கை மாற்றி மாற்றி ஒரு வாரத்துக்கான போட்டோக்களை எடுத்து முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போட்டோக்களில் அந்தப் பெண் எல்லா நாளும் அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். சுருக்கங்களும் வந்தன. போனிலிருக்கும் செயலியிடம் கேட்டால் அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: ‘இப்படைப்பு மானுட இருத்தலின் ஆழங்களைத் தொட்டு, வாசகனைத் தன்னுள் நோக்கச் செய்கிறது.’ அவன் எடுத்துப்போனது சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு முறை.

எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு ஸ்டாரும் வரவில்லை. புத்தகத்தோடு போட்டோவுக்கு நிற்கச் சொன்னபோது என் மகள், படிக்காத புக்கை எதுக்குப்பா பிடிச்சிட்டு நிக்கணும் என்று கேட்டாள். அந்தக் கட்டடத்திலேயே நேர்மையான வாக்கியம் அதுதான் என்பது எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் எரிச்சலாக இருந்தது. லிஃப்ட்டில் செயலாளர், பக்திப் பாட்டுக்கு நடுவே குரலைத் தாழ்த்தி, பொண்ணுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா சார் என்று விசாரித்தார்.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது ஒரு மத்தியானம் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் படுத்துவிட்டது. மகளின் டேப்லெட்டும் படுத்துவிட்டது. கட்டடத்தில் குளிர்ச்சியான இடம் தரைத்தள ஹால்தான் என்று அவள் கீழே போனாள். நான் ஆபீஸிலிருந்து வந்தபோது கரண்ட் வந்திருந்தது, டேப்லெட் சார்ஜில் இருந்தது, மகள் தரையில் படுத்து, கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கனத்த பிரவுன் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றாமலே நின்றேன். அந்தக் கனத்தில் உண்மையிலேயே கதை என்று எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது நான் கொடுத்த நாவல்தான். டீச்சரின் மஞ்சப்பை நினைவுக்கே வரவில்லை. என் கண் கலங்கியது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. மனைவி சமையலறையிலிருந்து வந்து, என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

“வாயைத் திறந்தீங்கன்னா அவ புக்கை மூடிடுவா. சும்மா இருங்க.”

வீட்டில் சும்மா இருந்தேன். மற்ற இடங்களில் வாயை மூடவே இல்லை. காலையில் சென்னை பீச் போகும் ரயிலில் வழக்கமாக என்னோடு வரும் ஆபீஸ் கூட்டத்திடம், பெரியவர்களே தடுமாறும் நாவலை என் பெண் சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்காமல் படிக்கிறாள் என்று சொன்னேன். செயலாளரிடம் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோய், நிறைவு விழாவில் அந்த மகத்தான நாவலைப் பற்றிக் குழந்தையே பேசட்டும் என்று நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டார். இரண்டு நாள் பொறுத்தும் அடக்க முடியாமல் அவளிடமே மெதுவாக, கதாநாயகன் எப்படி என்று கேட்டுவிட்டேன்.

“சூப்பர்பா. ஆனா ரொம்ப நாள் உயிரோட இருக்க மாட்டான்னு தோணுது.”

என் நாவலில் கதாநாயகன் கிழவனாகிப் பேரன் பேத்தி எடுக்கிறான். ஆனால் அவன் உள்ளுக்குள் எப்போதோ செத்துவிட்டான் என்பது நான் இரண்டாவது வாசிப்பில்தான் கண்டுபிடித்த விஷயம். பன்னிரண்டு வயதில் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிட்டாளே என்று மெய்சிலிர்த்து, ரயிலில் அதையும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறிப் போனபோது இரண்டாவது மாடித் திருப்பத்தில் பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. ஆளுக்குக் கொஞ்சம் தாள் கையில் வைத்திருந்தார்கள். பைண்டிங் விட்டுப்போய்ப் புத்தகம் பகுதி பகுதியாகப் பிரிந்திருந்தது. முன்பகுதியைப் படித்தவர்கள் நடுப்பகுதிக்குக் காத்திருந்தார்கள். சோஷியல் எது என்று கேட்ட பையன் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தான்.

“சீக்கிரம் முடிடா டேய். விஷம் வெச்சது யார்னு எனக்குத் தெரியணும்.”

ஒரு தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பத்தியாக அச்சிட்ட பழைய வாரப் பத்திரிகைப் பக்கம். ஒரு பெண் வாயைப் பிளந்து அலறும் படம். கீழே கூந்தல் தைல விளம்பரம். ஊட்டியில் ஒரு பங்களா, ஒரு உயில், வரிசையாகச் சாகும் உறவினர்கள். வாரா வாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணுகிற அந்தக் காலத்து வழக்கம். டீச்சரின் மஞ்சப்பையில் வந்தது இதுதான். ஹாலுக்கு இறங்கிப்போய் மேசையைப் பார்த்தேன். என் நாவல் வைத்த இடத்திலேயே இருந்தது; மகள் படித்து முடித்த பகுதிகள்தான் படிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. யாரோ அதன்மேல் டீ டம்ளரை வைத்திருந்த வட்டம் மட்டும் புதிது.

அந்த மாதிரித் தொடர்களைக் கிண்டல் பண்ணியே நான் பாதிக் கட்டுரைகளை எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை, படிக்காமலே கிண்டல் பண்ண முடிகிற அளவுக்கு என் ரசனை உயர்ந்திருந்தது. இப்போது என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் பீச் ரயிலில் இனிமேல் வேறு பெட்டியில்தான் ஏற வேண்டும். சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

விஷயம் வேறு வழியில் வெளியே வந்தது. முதல் மாடியில் ஒரு சின்னப் பெண், அப்பா ஆசையாகக் கலந்து கொடுத்த பாதாம் பாலை முகர்ந்து பார்த்துவிட்டு, சயனைடுக்கும் இதே வாசனைதானேப்பா என்று கேட்டிருக்கிறாள். அகராதி வைத்திருந்தவர்தான் அந்த அப்பா. குழு தீப்பிடித்தது. இதுவா நல்ல புத்தகம், நம் பிள்ளைகள் மனதில் நஞ்சைக் கலந்தது யார் என்று கேள்விகள். அவசரக் கூட்டம் கூடியது. அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல்முறையாகப் போனைக் கீழே வைத்திருக்கிறார்கள் என்பதை ஒருவரும் குறிப்பிடவில்லை, தலைவரும் குறிப்பிடவில்லை. டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தொடர்கதைக் கட்டைத் திரும்பப் பெறுவது என்று தீர்மானம் நிறைவேறியது. பெறவேண்டியவர் தலைவர்.

வீடு வீடாகப் போய் வாங்கினேன். துப்பாக்கியை ஒப்படைப்பவர்கள்போலப் பிள்ளைகள் கொடுத்தார்கள். கடைசிப் பகுதி என் வீட்டில் இருந்தது. காலையில் தருகிறேன் என்றாள் மகள், சரி என்றேன். காலையில் காபி குடிக்கும்போது எதிரில் வந்து நின்றாள். கடைசித் தாளை நீட்டினாள். உயிலை எரித்த கை யாருடையது என்று துப்பறிபவன் திரும்பிப் பார்க்கிறான். அதற்குக் கீழே, அடுத்த வாரம் முடியும் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு பின்அட்டை.

“கடைசிச் சாப்டர் எங்கப்பா?”

எனக்குத் தெரியாது என்றேன்.

“நீங்கதான கமிட்டி. நீங்கதான எடுத்து வெச்சிருப்பீங்க.”

இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. மேடையிலும் பேசப்போவதில்லை, இனி எந்தப் புத்தகத்தையும் தொடப்போவதும் இல்லை, தொட்டால் பிடுங்கத்தான் போகிறீர்கள் என்றாள். பொம்மைக்குக் கட்டில் போட்ட காலத்தில்கூட அவளுக்குப் புத்தகத்தின்மேல் கோபம் இருந்ததில்லை. திருவிழா நடத்தி அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், மாட்டிக்கிட்டேனா என்றார். கடைசி அத்தியாயம் இருக்கிறதா என்றுதான் கேட்க வந்தேன் என்றேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அந்தப் பத்திரிகையை எதிர்வீட்டில் வாங்குவார்களாம். படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் இவருக்குக் கிழித்துக் கொடுப்பார்களாம். கதை முடிவதற்கு முந்தைய வாரம் அவர்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் குடிபோய்விட்டார்கள். அந்த ஒரு இதழைக் கடையில் வாங்கியிருக்கலாமே என்றேன்.

“டீச்சரா இருந்துக்கிட்டு கடையில நின்னு அதை வாங்க முடியுமா சார்? பேரன்ட்ஸ் பார்த்தா என்ன நினைப்பாங்க?”

என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார்.

“எனக்கு அப்பலேர்ந்து டாக்டர் மேலதான் சந்தேகம். நீங்க யாருன்னு நினைக்கிறீங்க?”

நான் இன்னும் படிக்கவில்லை என்றேன். படிக்காமலேயா தடை பண்ணீங்க என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் தொடர்கதைக் கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். பிரவுன் ஷீட்டின் அருமை அன்றுதான் தெரிந்தது. உள்ளே என்ன படிக்கிறேன் என்று ரயிலில் ஒருவருக்கும் தெரியாது. நம்ம ரைட்டர் ஏதோ கனமா படிக்கிறாரு என்று பக்கத்துச் சீட்டில் மரியாதையாக ஒதுங்கினார்கள். சாயங்காலம் செங்கல்பட்டு வண்டியில் உட்கார்ந்து, இரண்டாவது கொலையிலிருந்து நிமிர்ந்தபோது எதிரே வண்டலூர் என்ற பலகை நின்றது. நான் இறங்க வேண்டிய தாம்பரத்தில் ரயிலே காலியாகி மறுபடி நிரம்பியிருக்கும்; எனக்குத் தெரியவில்லை. இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து, பெருங்களத்தூர் நெரிசலில் பஸ்ஸில் நின்றபடியே மீதியை முடித்தேன்.

வீட்டுக்கு வந்து மகள் அறை வாசலில் நின்று சொன்னேன். கடைசி அத்தியாயம் டீச்சரிடமே இல்லை, நான் எடுக்கவில்லை, இப்போதுதான் முழுதும் படித்தேன். அவள் திரும்பவில்லை. கொலை செய்தது தோட்டக்காரன் என்று நினைக்கிறேன் என்றேன்.

மெதுவாகத் திரும்பினாள்.

“தோட்டக்காரனா? ரெண்டாவது கொலை நடந்தப்ப அவன் ஊட்டியிலயே இல்லப்பா. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில இருந்தான். படிச்சீங்களா, இல்ல உங்க பாணியில பக்கத்தைப் புரட்டினீங்களா?”

எடுத்துப் பார்த்தேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி இருந்தது. புத்தக மதிப்புரை எழுதிச் சன்மானம் வாங்குகிறவன் அதைக் கோட்டைவிட்டிருந்தேன். டாக்டரா என்றேன். டாக்டர் இல்லை, டாக்டர் பெண்டாட்டி என்றாள். ஏன் என்பதை அவள் விளக்கி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போனது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

நிறைவு விழாவில் செயலாளர், ஒரு மகத்தான நாவலைப் பற்றி நம் சுட்டிப் பெண் என்று அறிவித்தார். அதை மாற்றச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மகள் மைக்கைப் பிடித்து, ஊட்டியில ஒரு பங்களா என்று ஆரம்பித்தாள். பாதாம் பால் அப்பா எழுந்தார். செயலாளரும் கையை நீட்டிக்கொண்டு எழுந்தார். பின்வரிசையிலிருந்து டீச்சர், பேசட்டும் சார், அந்த புக்கு என்னோடது என்றார். வகுப்பறைக் குரல். இருவரும் உட்கார்ந்தார்கள். மகள் ஒவ்வொரு கொலையாகச் சொல்லிக்கொண்டு போனாள். உயில் எரிந்த இடத்துக்கு வந்ததும், இதோட தாள் முடிஞ்சுபோச்சு என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை. செயலாளர் மைக்கை எடுத்து நன்றி சொல்ல வாயைத் திறந்தார்.

“அப்ப அந்த உயிலை எரிச்சது யாரு?” என்றார்.

சமோசா ஆறும்வரை அதுதான் பேச்சு. ஃப்ராக் மாற்றிய பெண்ணுக்கு முதல் பரிசு கொடுத்ததைக்கூட யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. அந்தக் கட்டைத் தடை செய்த தீர்மானம் இன்றுவரை ரத்தாகவில்லை. ஆகவே அது இப்போது எந்த மாடியில் யார் வீட்டில் இருக்கிறது என்று அதிகாரபூர்வமாக யாருக்கும் தெரியாது. போன வாரம் லிஃப்ட்டில் பாதாம் பால் அப்பா, டாக்டருக்கு நோக்கமே இல்லையே சார் என்றார்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. நான் ஹாலில் தரையில் உட்கார்ந்து மிச்சமிருந்த பிரவுன் ஷீட்டில் ஏழாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மகள் அலமாரிப் பக்கம் வந்தாள். நான் தலையைத் தூக்கவில்லை. அந்த அளவுக்குப் பாடம் படித்திருந்தேன். ஒவ்வொரு புத்தகமாக உருவி, கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சொருகினாள். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று சோதனை. டீ வட்டத்தோடு வீடு திரும்பியிருந்த என் நாவலும் கையில் வந்தது.

“இதுல யாராவது சாவாங்களா?”

“எல்லாரும் சாவாங்க. ஆனா ரொம்ப மெதுவா.”

சொருகிவிட்டாள். அடுத்தது நான் எழுதிய புத்தகம். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு முதல் பக்கத்தையும் பார்த்தாள்.

“இது முடிஞ்சிருக்குப்பா. எதுக்கு ஆரம்பிச்சீங்கன்னுதான் தெரியல.”

நான் பிரவுன் ஷீட்டை அழுத்தி மடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து உருவும் சத்தம் நின்றுபோனது. பார்த்தால் தரையில் படுத்து, கால்களைச் சுவரில் தூக்கி வைத்திருந்தாள். புத்தகத்தின் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. கையில் ஷீட் இருக்கிறதே என்ற பழக்கத்தில், குடும்மா, அட்டை போட்டுத் தர்றேன் என்றேன். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் புரண்டாள்.

“நீங்க இதைத் தொடாதீங்கப்பா.”

எந்தப் புத்தகம் என்று கேட்கக் கூடாது என்று மனைவி சமையலறை வாசலிலிருந்து கண்ணால் சொன்னாள். கேட்கவில்லை. எழுந்து அலமாரி முன்னால் போய் நின்றேன். நடுத்தட்டில் ஒரு சந்து இருந்தது. இத்தனை வருடமாகச் சேர்த்துத் துடைத்து அடுக்கி வைத்திருப்பவன் நான். அந்த இடத்தில் எது இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.